கறுப்புப் படியில் நீலக்கோடு

கமேனாவின் பழைய நகருக்குள் வரும் வெளியூராருக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. துறைமுக வாயிலின் தரைக்கல்லில் தொடங்கும் ஒரு நீலக்கோடு அவர்களை அழைத்துச் செல்லும். மீன் சந்தை, உப்புக் கிடங்கு, மூன்று தேவாலயங்கள், இரண்டு காவற்கோபுரங்கள் என்று பதினான்கு நிறுத்தங்களைத் தொட்டு, ஆயிரத்து எழுநூறு மீட்டர் நடத்தி, புறப்பட்ட வாயிலிலேயே கொண்டுவந்து விடும். நிறுத்தம் ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைத் தகடு உண்டு. தகட்டில் பொறித்த சதுரக் குறியீட்டின்மேல் கைப்பேசியைக் காட்டினால் ஒரு பெண்குரல் ஏழு மொழிகளில் அந்த இடத்தின் கதையைச் சொல்லும். நகராட்சி இலவசமாகக் கொடுக்கும் வரைபடத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘இந்த நடையை மேற்கொள்வோர் தம் சொந்தப் பொறுப்பில் மேற்கொள்கின்றனர்.’

அந்தக் கோட்டைப் போட்டவர் யெர்கோ. நகராட்சியின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. தெருவிளக்கு, சாக்கடை மூடி, இடுகாட்டின் இரும்புக் கதவு என்று அவர் கை படாத பொருள் ஊரில் குறைவு. எந்த வேலையைச் செய்தாலும் அன்றைக்கே பணிப்பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவார். ‘மார்ச் 11. கோடு புதுப்பித்தல். நிறுத்தம் 1 முதல் 5 வரை. நீலம் 4 லிட்டர். கல் உலர்ந்துள்ளது.’ மலையிலிருந்து இறங்கும் பூராக் காற்று கல்லை எலும்பாய் உலர்த்தும் அந்த நாட்களில்தான் வண்ணம் பிடிக்கும் என்பதால், ஆண்டுதோறும் மார்ச் நடுவில் மண்டியிட்டுக் கோட்டைப் புதுப்பிப்பார்.

அதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பாதையின் நடுவில் போடமாட்டார். போகிற திசைக்கு வலப்பக்கம், ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவார். நடுவில் போட்டால் ஊராரின் கால்பட்டு ஒரே கோடையில் அழிந்துவிடும். கண்ணுக்குப் போடுகிற கோட்டைக் காலுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. இருபுறமும் சுவர் எழுந்த சந்துகளில் அந்தக் கணக்கு ஐந்து ஆண்டுகளாகத் தவறவில்லை.

எட்டாம் நிறுத்தம் அவருடைய வீட்டுக்கு எதிரே இருந்தது.

இரண்டு பேர் தோள் இடிக்காமல் போக முடியாத சந்து அது. எதிர்வீட்டு நிலைவிட்டத்தில் 1527 என்று செதுக்கிய பழைய கல் உண்டு. தகட்டின் பெண்குரல் சொல்வது இதுதான்: ‘கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகள் இந்த வீட்டில் வைத்துச் சுவரெழுப்பி அடைக்கப்பட்டனர். உள்ளே சென்றவர்கள் முப்பத்தொரு பேர். வெளியே வந்தவர் எவருமில்லை. இரவுகளில் அவர்களுடைய முனகல் இந்தச் சந்தெங்கும் கேட்டது.’

யெர்கோவின் மனைவி பெரினா மீன் டப்பா ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் மத்தித் தலை கிள்ளியவர். கையைவிட வாய் வேகமானவர். அந்த ஆண்டு ஜனவரியில் ஸ்பிளித் நகர மருத்துவமனையில் அவருடைய நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர், வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தச் சொல்லின் பொருள் இருவருக்கும் விளங்கியது. மாடி ஏற முடியாததால் கட்டிலைக் கீழே போட்டார்கள். கீழறைக்கு ஒரே சன்னல். அது சந்தைப் பார்த்தது. நடப்பவரின் மார்பளவில் இருந்தது. மூடினால் பெரினாவுக்கு மூச்சு முட்டும். திறந்தால் முப்பத்தொரு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள்.

"ஏழு பாஷையிலயும் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு," என்றார் பெரினா ஒருநாள், கோழிச்சாறு கிண்ணத்தைத் தள்ளிவிட்டு. "இத்தாலிக்காரி சொன்னா கல்யாணச் சேதி மாதிரி இருக்கு. ஜெர்மன்ல சொல்றப்பதான் சாவு கொஞ்சம் ஒழுங்கா வருது."

"குடி பெரினா. ஆறிடும்."

"ஆறட்டும். நானும் ஆறிக்கிட்டுதானே இருக்கேன்."

மார்ச் முதல் வாரத்தில் ஒரு பெண் சன்னல் கம்பியில் கைப்பேசியை நுழைத்துப் படம் எடுத்தாள். உள்ளே இருப்பதும் காட்சிப்பொருள் என்று நினைத்தாளோ என்னவோ. பெரினா அன்று ஒன்றும் பேசவில்லை. அதுதான் யெர்கோவை உலுக்கியது. மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், சுற்றுலாப் பிரிவில் இருந்த நேவெங்காவின் முன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். எங்கள் கரையில் வயதில் மூத்த ஆண்களை ‘பார்பா’ என்பார்கள்; மாமா என்று பொருள். நேவெங்காவும் அப்படித்தான் அழைத்தாள்.

"பார்பா, நான் என்ன பண்ணட்டும்? ஐரோப்பிய நிதியில வந்த திட்டம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தகட்டைக்கூட நகர்த்த மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கு. அதுலயும் இது கடைசி வருஷம்."

"குரலையாவது கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"குரல் அவங்கவங்க போன்ல இருக்கு. நம்ம கையில இல்ல."

"அப்போ நம்ம கையில என்னதான் இருக்கு?"

நேவெங்கா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். "இதோ பாருங்க. எட்டாம் நம்பர்தான் எல்லாத்தையும்விட அதிகம் ஓடுது. போன சீசன்ல ஒரு நாளைக்கு நாப்பது. சாவுன்னா ஜனங்களுக்கு ஒரு இது, பார்பா. சன்னல்ல ஒரு தட்டி கட்டுங்களேன்."

"அவளுக்கு மூச்சு முட்டுதும்மா."

"தெரியும் பார்பா," என்றாள் அவள். உண்மையிலேயே வருந்தினாள். வருத்தத்தில் வேலை ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் 14 அன்று பணிப்பதிவேட்டில் உள்ள பதிவு: ‘கோடு புதுப்பித்தல். நிறுத்தம் 6 முதல் 9 வரை. நீலம் 3 லிட்டர். கல் உலர்ந்துள்ளது.’ யெர்கோ கையொப்பமிட்ட முப்பத்தொரு ஆண்டுப் பதிவுகளில் பொய்யானது அது ஒன்றே.

அன்று அவர் கோட்டைச் சந்தின் வளைவுவாயிலோடு நிறுத்தினார். அங்கிருந்த பழைய வண்ணத்தை மூன்று மீட்டருக்குச் சுரண்டி எடுத்தார். உள்ளே இருந்த சென்ற ஆண்டுக் கோடு மங்கியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, வாயிலுக்கு முன்பே புதுக்கோட்டை வலப்பக்கம் திருப்பினார். அது கடற்படிகளில் இறங்கி, அலைச்சுவரின் அடித்திட்டோடு நாற்பது மீட்டர் ஓடி, ஒன்பதாம் நிறுத்தமான புனித ரோக்கோ சிற்றாலயத்தில் மேலேறிச் சேர்ந்தது. புதிய வழி ஒன்றுமில்லை. ஊரார் அன்றாடம் போய்வரும் வழிதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் ரொட்டி வாங்கப் போகும் கிழவிகளும் அந்த இருபத்திரண்டு படிகளில்தான் இறங்கி ஏறுவார்கள். எட்டாம் நிறுத்தம் மட்டும் விட்டுப்போகும். வந்தவர் போனவர் யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை.

படிகளின் சுவர்ப்பக்கப் பாதி வெள்ளைக்கல். கடற்பக்கப் பாதி, அலைத்துளி பட்டுப்பட்டுப் பாசி படிந்து, கறுப்பு. கமேனாவில் பிறந்த குழந்தை நடக்கப் பழகும்போதே கேட்கும் வாக்கு ஒன்று உண்டு: வெள்ளை நமக்கு, கறுப்பு கடலுக்கு. எங்கள் ஊரில் யாரும் அந்தக் கறுப்பில் கால் வைப்பதில்லை. வைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு நடப்பதுமில்லை. கால் தானாக வெள்ளைக்குப் போகும். அதனாலேயே அங்கே கைப்பிடியும் இல்லை, அறிவிப்பும் இல்லை.

யெர்கோ தம் வழக்கப்படியே செய்தார். இறங்கும் திசைக்கு வலப்பக்கம், ஓரத்திலிருந்து ஒரு சாண். வலப்பக்கம் கடல். பூராவில் உலர்ந்து கிடந்த பாசியைக் கம்பித் தூரிகையால் உரசி நீக்கிவிட்டு, கறுப்பின்மேல் நேர்த்தியாக நீலம் இழுத்தார். யார் காலும் படாத இடம், வண்ணம் நிற்கும் என்று மனத்துக்குள் திருப்திகூடப் பட்டுக்கொண்டார்.

அந்தக் கோட்டைக் கவனித்த ஒரே ஆள் ஷிமே. படியடியில் வலை பழுதுபார்க்கும் கிழவர். யெர்கோவின் சீட்டாட்டக் கூட்டாளி.

"என்னடா யெர்கோ, கடலுக்கே கோடு போட்டுட்ட? மத்தியெல்லாம் வரிசையில வரணும்னு உத்தரவா?"

"வாயை மூடிக்கிட்டு வலையைப் பாரு."

"பெரினாவுக்காகவா?" என்று குரல் தாழ்த்திக் கேட்டார் ஷிமே. யெர்கோ தூரிகையை வண்ணத்தில் தோய்த்தார். "நல்லது பண்ணின. நான் ஒண்ணையும் பாக்கல."

ஏழு வாரங்கள் சந்து அமைதியாக இருந்தது. பெரினா பிற்பகல்களில் தூங்கினார். ஈஸ்டருக்கு எண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கும் கீரையும் இரண்டு கரண்டி சாப்பிட்டார். "என்ன, செத்தவங்க எல்லாரும் லீவுல போயிட்டாங்களா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். "தகடு கெட்டுப்போச்சாம்," என்றார் யெர்கோ. அலுவலகத்தில் நேவெங்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். எட்டாம் எண்ணின் கணக்கு நாளுக்கு இரண்டு மூன்றாகச் சரிந்திருந்தது. தகட்டைப் பார்க்கச் சொல்லிப் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு குறிப்பு அனுப்பினாள். அந்தக் குறிப்பு யெர்கோவிடமே வந்தது. ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தார்.

மே 2, வியாழக்கிழமை. யூகோ அடிக்கத் தொடங்கி மூன்றாம் நாள். அந்தத் தென்கிழக்குக் காற்று வீசினால் சுவர்கள் வியர்க்கும், தலை கனக்கும், கடல் கரை தெரியாமல் ஏறும். மீன் சந்தையின் கழிவுநீர்க் குழாயில் அடைப்பெடுத்துக்கொண்டிருந்த யெர்கோ, பத்தே முக்காலுக்கு யாரோ ஓடுவதையும், யாரோ படகு படகு என்று கத்துவதையும் கேட்டார். கடற்படிகளில் வெளியூர்க்காரர் ஒருவர் சறுக்கி விழுந்துவிட்டார். படி விளிம்பில் தலை மோதியது. எழுவதற்குள் அடுத்த அலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

யெர்கோ ஓடவில்லை. கையில் இருந்த குழாய்க்கம்பியைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. மறுபடியும் எடுத்துச் சாய்த்தார்.

பதினொன்றரைக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் உத்தரவு வந்தது: யெர்கோ, போய்ப் படிகளை மூடு. நாடாவும் பலகையும் எடுத்துக்கொண்டு அவர் போனார். படகுகள் கடலில் தேடிக்கொண்டிருந்தன. கரையில் நின்றவர்கள் எல்லாரும் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு வெள்ளை நாடாவைக் கட்டிவிட்டு அவர் அதற்கு உட்புறம் இறங்கினார். சுரண்டியும் கம்பித் தூரிகையும் பையில் இருந்தன. ஒவ்வொரு படியாக, அலை பின்வாங்கும் இடைவெளியில் குனிந்து, உரசினார். நனைந்த வண்ணம் தோல்போல் உரிந்து வந்தது. ஒருமுறை அலை இடுப்புவரை அடித்தது. படியின் வெள்ளைப்பக்கம் நகர்ந்து, சுவரைப் பற்றி நின்று, அது போனதும் மறுபடி குனிந்தார். பிற்பகலில் மழைக்காக வளைவுவாயிலின் கீழ் ஒதுங்கியவர்போல் நின்று, காய்ந்திருந்த தரையில் மூன்று மீட்டருக்கு நீலம் போட்டுச் சந்தினுள் கிடந்த பழைய கோட்டோடு சேர்த்துவிட்டார்.

மறுநாள் காலை மீனவர்கள் உடலைக் கொண்டுவந்தார்கள். பெயர் ரதிம், வயது ஐம்பத்தெட்டு, செக் நாட்டவர், நில அளவையாளர். கூட வந்தவர் அவருடைய மனைவி ஹெத்விகா.

செக் மொழியும் எங்கள் மொழியும் மாமன் பிள்ளை அத்தை பிள்ளை போல. மெதுவாகப் பேசினால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே ஒருவர் மற்றவருக்கு விளங்கும். அதனால் காவல் நிலையத்தில் ஹெத்விகா சொன்ன ஒரு சொல்லும் யெர்கோவின் காதிலிருந்து தப்பவில்லை. கோடு போட்டவர் என்ற முறையில் அவரையும் அழைத்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் லோவ்ரே. இந்தப் பக்கம், ஒரு நாற்காலி இடைவெளியில், அந்தப் பெண். பச்சை மழைச்சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"கோட்டுலதான் போனோம்," என்றார் ஹெத்விகா. "அவர் கோட்டை விட்டு விலகற ஆளே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்தவர்."

"அம்மா, கோடு அங்க இல்லையே," என்றார் லோவ்ரே. அன்பாகத்தான் சொன்னார். வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினார். "பாருங்க. இங்க சந்துக்குள்ள போகுது. நானே போய்ப் பாத்தேன். படியில வெறும் கல்லுதான்."

"இருந்தது. நீலம். நான் பார்த்தேன்."

"யெர்கோ பார்பா, நீங்க சொல்லுங்க. கோடு எந்த வழியாப் போகுது?"

யெர்கோ மேசை விளிம்பைப் பார்த்தார். "எட்டாம் நிறுத்தம் வழியா," என்றார்.

ஹெத்விகா அவர் பக்கம் திரும்பினார். "கோடு போட்டது நீங்களா?" முகத்தில் கோபம் இல்லை. கடைசியில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்ற ஆறுதல்தான் இருந்தது. "அப்போ உங்களுக்குத் தெரியுமே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யெர்கோ வாக்குமூலத்தில் கையொப்பமிட்டார். நேரம் காலை 9.40.

அன்று மாலை அவர் ஊட்டிய கரண்டியைப் பெரினா கையால் தடுத்தார். சன்னலுக்கு வெளியே ஒரு கைப்பேசி முப்பத்தொரு பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"தகடு சரியாயிடுச்சு போல."

"ம்."

"ஏழு வாரமா கெட்டிருந்த தகடு, ஒருத்தன் செத்த மறுநாள் சரியாகுது." பெரினாவின் மூச்சு சீழ்க்கை அடித்தது. "என்ன பண்ணின யெர்கோ?"

அவர் சொன்னார். எந்தப் படியில், எந்தப் பக்கம் என்பதுவரை சொன்னார். பெரினா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கறுப்புலயா போட்ட?" என்றார் கடைசியில். "மடையா. கறுப்புலயா?"

"யாரும் மிதிக்க மாட்டாங்கன்னு…"

"நாம மிதிக்க மாட்டோம்." வெகுநேரம் இருமினார். இருமல் நின்றதும் யெர்கோவின் சட்டைக்கையைப் பிடித்தார். "கேளு. நீ இப்போ போய்ச் சொன்னா உன்னை இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. என்னை யார் திருப்பிப் படுக்க வைப்பா? ஸ்பிளித்துல தெரியாத பொம்பளைங்க நடுவுல நான் சாக மாட்டேன். நான் போனதுக்கு அப்புறம் சொல்லு. அதுவரைக்கும் நீ எனக்கு வேணும்."

"அந்தப் பொம்பளை…"

"அவளுக்கு நாள் இருக்கு. எனக்கு இல்ல."

உடலை எடுத்துச் செல்லும் ஆவணங்கள் ஆயத்தமாக ஐந்து நாட்கள் ஆயின. அந்த ஐந்து நாளும் ஹெத்விகா ஊரில் நடந்தார். துறைமுக வாயிலில் தொடங்கிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வருவார். சந்தின் வாயிலில் நிற்பார். கடற்படிகளின் நாடாவரை போவார், திரும்புவார். எதிர்ப்பட்டவர்களிடம் கேட்பார். ரொட்டிக்கடையில் கேட்டார். ஷிமேயிடம் கேட்டார். ஷிமே ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தலையசைத்தார். அன்று மாலை சீட்டாட்டத்தில் யெர்கோவின் முகத்தைப் பார்க்காமலே சீட்டைக் கலைத்துக்கொண்டு, "பாவம் அந்தப் பொம்பளை. ரெண்டு நாள்ல போயிடும்," என்றார். ஊரில் பிறகு எழுந்த பேச்சு இதுதான்: துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

மே 7 அன்று காலை ஹெத்விகா பெரினாவின் சன்னலில் வந்து நின்றார்.

யெர்கோ உள்ளே, கட்டிலின் மறுபுறம், பெரினாவைத் துடைக்கும் நீர்ப்பாத்திரத்தோடு சுவரோரம் ஒதுங்கினார். வெளியிலிருந்து அவர் தெரியமாட்டார்.

"மன்னிக்கணும்," என்றார் ஹெத்விகா கம்பி வழியாக. "நீங்க எப்பவும் இங்கதானே படுத்திருக்கீங்க?"

"வேற எங்க போக? நடனத்துக்கா?" என்றார் பெரினா. பிறகு அந்த முகத்தைப் பார்த்துக் குரலை மாற்றினார். "கேளும்மா."

"போன மாசம், ஏப்ரல்ல, இந்த வழியா ஜனங்க நடந்தாங்களா? தகட்டுக்கிட்ட நின்னு கேட்டாங்களா? எல்லாரும் கோடு எப்பவும் இங்கதான்கிறாங்க. நீங்க சொன்னா நான் நம்பிடுவேன். உங்களுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை."

பெரினா கையை நீட்டினார். எலும்பும் நரம்புமான அந்தக் கை கம்பிக்கு வெளியே போய் ஹெத்விகாவின் விரல்களைப் பிடித்தது.

"தினமும் முப்பது நாப்பது பேரும்மா," என்றார். "எனக்குத் தூக்கமே இல்லை."

ஹெத்விகா நன்றி என்றார். அவருடைய செருப்பொலி சந்தின் முனைவரை போய்த் தேய்ந்தது. யெர்கோவின் கையிலிருந்த பாத்திரத்து நீர் தளும்பித் தரையில் சிந்தியிருந்தது. பெரினா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "தொடைச்சுடு," என்றார். "வழுக்கும்."

மறுநாள் சவப்பெட்டி ஏற்றிய வண்டி வடக்கே புறப்பட்டது.

பெரினா ஜூன் 27 அன்று, சந்தில் யாரோ ஒருவரின் கைப்பேசி போலிஷ் மொழியில் பேசிக்கொண்டிருந்தபோது, இறந்தார். சுவர்களில் கறுப்புக்கரை போட்ட மரண அறிவிப்பை ஒட்டுவது ஊரில் பராமரிப்புப் பிரிவின் வேலை. யெர்கோ பதினோரு தாள்களையும் தாமே ஒட்டினார். ஏழாம் நாள் பூசை முடிந்ததும் கோயில் உடையோடு காவல் நிலையத்துக்குப் போனார்.

லோவ்ரே முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "பார்பா, துக்கத்துல இருக்கீங்க. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. அந்தக் கோப்பை மூடியாச்சு."

"திற."

"அந்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்க பார்பா."

"எதை?"

லோவ்ரே தயங்கினார், பிறகு அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து ஒரு தாளைத் திருப்பி வைத்தார். மே 7, பிற்பகல் 2.15. ஹெத்விகாவின் இரண்டாம் வாக்குமூலம்: ‘சந்தில் நோயுற்றுக் கிடக்கும் பெண்ணிடம் விசாரித்தேன். நடப்போர் நாள்தோறும் அவ்வழியே சென்றதாக அவர் கூறினார். ஆகவே, படிகளில் கோட்டைக் கண்டதாக நான் முன்பு கூறியது அதிர்ச்சியால் விளைந்த பிழை என ஏற்றுக்கொள்கிறேன். என் கணவர் பாதையிலிருந்து விலகியிருக்க வேண்டும்.’ கையொப்பம் கோணாமல், பள்ளிக்கூடப் பிள்ளையினுடையதைப்போல் தெளிவாக இருந்தது.

யெர்கோ அதை இரண்டு முறை படித்தார். பிறகு, எட்டாம் எண்ணின் கணக்கை நகராட்சியிலிருந்து வாங்கிப் பார் என்றார். நேவெங்கா அதைக் கால்மணி நேரத்தில் அனுப்பினாள். மார்ச் 14 வரை இருபதுக்குக் குறையாத எண், 15 முதல் இரண்டு, மூன்று, ஒன்று, மூன்று. மே 3 முதல் நாற்பது. ஏழு வாரப் பள்ளம் தாளில் பளிச்சென்று தெரிந்தது. எப்போது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. லோவ்ரே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு புதுத்தாளை எடுத்தார். யெர்கோ மார்ச் 14 முதல் மே 2 வரை எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சன்னலில் நடந்ததை.

வழக்கு வருவதற்கு முன் ஹெத்விகாவின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவரே அழைத்தார். தம் பெயரையும் வேலையையும் சொல்லி, கோடு படிகளில் இருந்தது, போட்டதும் அழித்ததும் நான்தான் என்றார். முன்பே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியங்கள்.

"என்மேல இரக்கப்பட்டுச் சொல்றீங்க," என்றார் ஹெத்விகா அமைதியாக. "வேண்டாம். டாக்டர் எனக்கு எல்லாம் விளக்கிட்டார். அதிர்ச்சியில மனசு இல்லாததைப் பார்க்குமாம். மாத்திரை சாப்பிடறேன். தூக்கம் வருது."

"நீங்க பாத்தது நிஜம்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. பிறகு, "எந்தப் பக்கம் இருந்தது?"

"வலப்பக்கம். கடல் பக்கம். ஓரத்துலேருந்து ஒரு சாண்."

"நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினேன். அவர்தான் திரும்பிப் பார்த்து, கோட்டுல வா ஹெத்விகா, கோட்டுல வான்னார். ரெண்டு மாசமா அந்தக் குரலை நானே கற்பனை பண்ணிக்கிட்டதா நெனச்சு அழிச்சுக்கிட்டு இருந்தேன்."

யெர்கோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சன்னல்ல ஒரு நோயாளி அம்மா," என்றார் ஹெத்விகா. "அவங்க யாரு?"

"என் மனைவி. போயிட்டா."

"அவங்க அன்னைக்குச் சொன்னது… தெரியாமச் சொன்னாங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். இறந்தவளின் பெயரும் கெடாது. கேட்டவளுக்கும் ஒரு காயம் குறையும். யெர்கோ தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினார்.

"தெரிஞ்சுதான் சொன்னா," என்றார்.

"அதையும் எழுதிக் குடுங்க," என்றார் ஹெத்விகா. அழுகிறாரா என்று குரலில் தெரியவில்லை. "நான் கையெழுத்துப் போட்டது அவங்க வார்த்தையை நம்பி. அது பொய்னு எழுத்துல இருக்கணும். இல்லேன்னா கோப்புல அவர் பாதை மாறிப் போனவராவே இருப்பார்."

மறுநாள் காலை யெர்கோ மீண்டும் காவல் நிலையத்துக்குப் போனார். விஷயத்தைக் கேட்ட லோவ்ரே இம்முறை பேனாவை எடுக்கவே இல்லை.

"இது வேணுமா பார்பா? தண்டனையில ஒரு நாள்கூட இதனால கூடப்போறதும் இல்ல, குறையப்போறதும் இல்ல. ஊர் முழுக்கத் தெரியும். உங்க வீட்டம்மா பேரு கோப்புல நின்னுபோகும்."

"எழுது."

லோவ்ரே பெருமூச்சுவிட்டுத் தாளை இழுத்தார். பொய்யுரைத்தவரின் முழுப்பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தெரியாத பெயரல்ல. சிறுவயதில் அந்தக் கையால் வறுத்த மத்தி தின்றவர்தான். ஆனாலும் வாக்குமூலம் கொடுப்பவரின் வாயால் வர வேண்டும் என்பது விதி.

யெர்கோ பெயரைச் சொன்னார். பிறந்த நாளைச் சொன்னார். முகவரி என்ற இடத்தில் சந்தின் பெயரையும் கதவெண்ணையும் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, இடுகாட்டின் வரிசை எண்ணைச் சொன்னார். லோவ்ரே எழுதிக்கொண்டார்.